37 ஹோம் ரன் அடித்தவர் ஏன் முதலிடம் பெறவில்லை? கல்லூரி பேஸ்பால் வீரரைத் தொழில்முறை அணிகள் எடைபோடும் விதம்

2024 ஜூலையில் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் மேஜர் லீக் பேஸ்பால் டிராஃப்ட் நடந்தது. அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீகின் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு அது. அந்த ஆண்டு கல்லூரி பேஸ்பாலில் அதிகம் பேசப்பட்ட பெயர் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சார்லி காண்டன். பேட்டிங் சராசரி .433 (நூறு முறை மட்டை பிடித்தால் ஏறக்குறைய 43 முறை வெற்றிகரமான அடி), ஹோம் ரன் (பெரும்பாலும் மைதான எல்லையைத் தாண்டிப் பறக்கும் அடி) 37. நாட்டின் சிறந்த அமெச்சூர் வீரருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருதும் அவருக்கே கிடைத்தது. ஆனால் முதல் இடத்தை வைத்திருந்த கிளீவ்லேண்ட் கார்டியன்ஸ் அணி அவரை எடுக்கவில்லை. ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஆஸ்திரேலியரான டிராவிஸ் பஸானாவை எடுத்தது. அவருடைய சராசரி .407, ஹோம் ரன் 28. காண்டன் மூன்றாவதாகக் கொலராடோ ராக்கீஸ் அணிக்குப் போனார்.

குழப்பம் அதோடு முடியவில்லை. முதலாவதாக எடுக்கப்பட்ட பஸானாவுக்கு ஒப்பந்தத் தொகை 89.5 லட்சம் டாலர். மூன்றாவதாக எடுக்கப்பட்ட காண்டனுக்கு 92.5 லட்சம் டாலர்.

மதிப்பெண் அதிகம் வாங்கியவர் பின்னால் நிற்கிறார், பின்னால் நிற்பவர் அதிகப் பணம் வாங்குகிறார். இதில் முறைகேடு எதுவும் இல்லை. கல்லூரியில் ஒருவர் என்ன சாதித்தார் என்பதும், நான்கைந்து ஆண்டுகள் கழித்து அவர் என்ன ஆவார் என்பதும் வெவ்வேறு கேள்விகள். அணிகள் காசு கொடுப்பது இரண்டாவது கேள்விக்கு.

டிராஃப்ட் என்னும் ஏற்பாடு

அமெரிக்காவில் ஓர் இளம் பேஸ்பால் வீரர் தனக்குப் பிடித்த தொழில்முறை அணியில் நினைத்தபடி சேர முடியாது. ஆண்டுக்கொரு முறை 30 அணிகளும் வரிசையாக வீரர்களின் பெயரைச் சொல்லி உரிமை பெறுகின்றன. இதுதான் டிராஃப்ட். 1965-இல் தொடங்கியது. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும். முதல் சில இடங்களை இப்போது குலுக்கல் தீர்மானிக்கிறது. 2021 முதல் மொத்தம் 20 சுற்றுகள், ஏறக்குறைய 600 பேர்.

நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்த மாணவரை மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகோ, 21 வயதான பிறகோதான் எடுக்க முடியும். எடுக்கப்பட்டவர் நேராக மேஜர் லீகில் ஆடுவதும் மிக அரிது. அதற்குக் கீழே சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என நான்கு படிகள் கொண்ட மைனர் லீக் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அந்தப் படிகளிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆகவே அணிகள் வாங்குவது இன்றைய ஆட்டக்காரரை அல்ல. அவருக்குள் இருக்கக்கூடிய 25 வயது ஆட்டக்காரரை.

கல்லூரிக் கணக்கு எங்கே ஏமாற்றுகிறது

ரஞ்சிக் கோப்பையில் குவித்த ரன்கள் டெஸ்ட் போட்டிக்கு உத்தரவாதம் ஆகாது என்பது கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரியும். பேஸ்பாலில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. காரணம், கையில் இருக்கும் மட்டையே வேறு.

1. மட்டை. கல்லூரியில் 1974 முதல் அலுமினிய மட்டைக்கு அனுமதி உண்டு. தொழில்முறையில் மரம் மட்டுமே. உலோக மட்டை உள்ளே குழாய்போல் காலியாக இருப்பதால், பந்து படும்போது அதன் சுவர் சற்று உள்வாங்கிப் பந்தை உந்தித் தள்ளுகிறது. பந்து நன்றாகப் பறக்கும் பகுதியும் அதில் அகலம். கைப்பிடிக்கு அருகில் பட்ட பந்து மர மட்டையை இரண்டாக உடைத்துவிட்டு மெல்ல உருண்டு போகும். அதே பந்து உலோக மட்டையில் பட்டால் தடுப்பாளர்களின் தலைக்கு மேலே போய் விழலாம். 2011-இல் கல்லூரி மட்டைகளின் எகிறும் திறனுக்குக் கடுமையான வரம்பு வந்தது. அந்த ஆண்டே ஹோம் ரன் எண்ணிக்கை சரிந்தது. எனவே எண்களை ஒப்பிடும்போது எந்தக் காலத்து மட்டை என்று முதலில் கேட்க வேண்டும்.

2. எதிராளி. தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆடும் எஸ்.இ.சி. என்ற குழுவில் ஜார்ஜியா, எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்), வாண்டர்பில்ட் போன்ற பலமான அணிகள் வாரந்தோறும் மோதுகின்றன. சிறிய குழு ஒன்றில் அதே .380 சராசரி எடுப்பவர் மணிக்கு 95 மைல் வேகப் பந்தைப் பருவம் முழுவதும் சில முறை மட்டுமே பார்த்திருக்கலாம்.

3. மைதானம். நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கி கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல் இருக்கிறது. காற்று மெல்லியது, பந்து நெடுந்தூரம் போகும், வளைந்து வரும் பந்து சரியாக வளையாது.

4. வயது. 21 வயதில் அடித்த 20 ஹோம் ரன்னும் 23 வயதில் அடித்த 20 ஹோம் ரன்னும் ஒன்றல்ல. கோவிட் காரணமாகக் கூடுதலாக ஓர் ஆண்டு ஆட அனுமதி கிடைத்ததால், அண்மைக் காலத்தில் 18 வயது மாணவர் வீசும் பந்தை 23 வயது இளைஞர் அடிக்கும் காட்சி கல்லூரிகளில் சாதாரணமாகிவிட்டது.

இவற்றில் மட்டைச் சிக்கலுக்கு மட்டும் ஒரு நல்ல சோதனைக்களம் இருக்கிறது. மாசச்சூசெட்ஸ் கடற்கரையில் கோடைக்காலத்தில் நடக்கும் கேப் காட் லீக் 1985 முதல் மர மட்டையில்தான் ஆடப்படுகிறது. நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த கல்லூரி வீரர்கள் அங்கே வருகிறார்கள். வீரரைத் தேடி ஊர் ஊராகச் செல்லும் ஸ்கவுட்டுகள் அந்தச் சில வாரங்களைத் தவறவிடுவதில்லை. கல்லூரியில் .400 எடுத்தவர் அங்கே .220-இல் திணறினால், அது அவருடைய கோப்பில் பெரிய எழுத்தில் ஏறும்.

20 முதல் 80 வரை: ஸ்கவுட்டின் அளவுகோல்

ஸ்கவுட்டுகள் மதிப்பெண் இடுவது நூற்றுக்கு அல்ல. 20-இல் தொடங்கி 80-இல் முடியும் ஓர் அளவுகோல் இருக்கிறது. 50 என்றால் மேஜர் லீகின் சராசரி. 60 சராசரியைவிடத் தெளிவாக மேல், 70 மிகச் சிறப்பு, 80 ஒரு தலைமுறைக்குச் சிலருக்கே வாய்ப்பது. புள்ளியியல் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், ஒவ்வொரு 10 புள்ளியும் ஏறக்குறைய ஒரு திட்ட விலக்கம். ஒப்பீடு எப்போதும் மேஜர் லீக் வீரர்களோடுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. கல்லூரியில் பிரமிக்க வைக்கும் ஒருவர் 45 வாங்குவது அவமானம் அல்ல.

ஹிட்டர்களிடம் பார்க்கும் திறன்கள் ஐந்து: பந்தை மட்டையில் பட வைப்பது, அடியின் பலம், ஓட்டம், எறியும் கையின் வலு, தடுப்பாட்டம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு. முதலாவது இன்றைய நிலைக்கு, இரண்டாவது முதிர்ந்தபின் எட்டக்கூடிய நிலைக்கு. இந்த இரண்டாவது எண்ணில்தான் ஸ்கவுட்டின் தொழிலே அடங்கியிருக்கிறது.

ஓட்டத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். ஹிட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஸ்கவுட் உட்கார்ந்திருப்பார். மடியில் குறிப்பேடு, உள்ளங்கையில் ஸ்டாப்வாட்ச். மட்டையில் பந்து பட்ட ஓசை கேட்டதும் விரல் அழுந்தும். அடித்துவிட்டு ஓடுபவர் முதலில் எட்ட வேண்டிய இடமான முதல் பேஸை அவர் கால் தொட்டதும் மறுபடி அழுந்தும். வலக்கை ஹிட்டருக்கு 4.3 வினாடி என்றால் 50 மதிப்பெண். 4.2 என்றால் 60. 4.4 என்றால் 40. இடக்கை ஹிட்டர் முதல் பேஸுக்குச் சற்று நெருக்கமாக நிற்பதால் அவருக்கு 0.1 வினாடி குறைத்துக் கணக்கிடுவார்கள். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான வித்தியாசத்தில் ஒரு முழுப் படி கைமாறுகிறது. அவுட் என்று தெரிந்தே ஓடும் ஓட்டத்தில் வீரர் முழு வேகம் காட்டினாரா, பாதியில் சுணங்கினாரா என்பதையும் ஸ்கவுட் குறித்துக்கொள்கிறார். அதற்கு மதிப்பெண் கட்டம் கிடையாது, ஆனால் அறிக்கையில் ஒரு வரி இருக்கும்.

ரேடார் கருவிகள் இந்த வேலையைப் பெரிதும் மாற்றிவிட்டன. பெரிய கல்லூரி மைதானங்கள் பலவற்றில் இன்று பந்தின் வேகம், சுழற்சி, மட்டையிலிருந்து புறப்படும் வேகம், கோணம் எல்லாம் தானாகப் பதிவாகின்றன. மணிக்கு 95 மைலும் அதற்கு மேலும் புறப்படும் பந்தை வலுவான அடி என்கிறார்கள். 110 மைலை ஒரு முறை தொட்டவரிடம் பலம் இருக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். அந்தப் பலத்தை ஆட்டத்தில் அடிக்கடி கொண்டுவர முடியுமா என்பது தனிக் கேள்வி.

48 ஹோம் ரன்னும் 12 ஹோம் ரன்னும்

இந்தத் தனிக் கேள்வியை விளக்க இரண்டு வீரர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

1985-இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பீட் இன்காவிலியா ஒரே பருவத்தில் 48 ஹோம் ரன் அடித்தார். கல்லூரி பேஸ்பாலின் முதல் நிலைப் பிரிவில் இன்றுவரை அதுவே சாதனை. மாண்ட்ரியால் எக்ஸ்போஸ் அவரை எட்டாவதாக எடுத்தது. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு மாறி, மைனர் லீகில் கால் வைக்காமலே 1986-இல் மேஜர் லீகில் இறங்கினார். முதல் ஆண்டே 30 ஹோம் ரன். கூடவே 185 ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே வெளியேறியது.

2013-இல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டின் ஆரன் ஜட்ஜ் தன் கடைசிக் கல்லூரிப் பருவத்தில் 12 ஹோம் ரன் அடித்தார். நியூயார்க் யாங்கீஸ் அவரை 32-வதாக எடுத்தது. 2022-இல் ஒரே பருவத்தில் 62 ஹோம் ரன் அடித்து, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் சாதனை படைத்தார். 2024-இல் 300-வது ஹோம் ரன்னைத் தாண்டினார். மேஜர் லீக் வரலாற்றில் அவரைவிடக் குறைந்த ஆட்டங்களில் அந்த எண்ணை எட்டியவர் யாரும் இல்லை. இன்காவிலியாவின் மொத்தக் கணக்கு 206-இல் நின்றது. நல்ல தொழில்வாழ்க்கைதான் அது, தோல்வி அல்ல. ஆனால் 48-க்கும் 12-க்கும் இருந்த இடைவெளி தலைகீழாகிவிட்டது.

காரணத்தின் ஒரு பகுதி மட்டை. இன்காவிலியாவுடையது பழைய காலத்து உலோகம், ஜட்ஜுடையது 2011-க்குப் பிந்தைய கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. மற்றப் பகுதி ஸ்ட்ரைக் அவுட்டில் இருக்கிறது. அடிக்க முயன்று தவறிய பந்தும், அடிக்காமல் விட்ட சரியான பந்தும் ஸ்ட்ரைக். ஒரு ஹிட்டர் மூன்று ஸ்ட்ரைக்குகளில் வெளியேறினால் அது ஸ்ட்ரைக் அவுட். நான்கு தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு இலவசமாக முதல் பேஸ் பெற்றால் அது வாக். இந்த இரண்டும் சேர்ந்துதான் ஒருவர் பந்தை எவ்வளவு சீக்கிரம் அடையாளம் காண்கிறார் என்பதைக் காட்டுகின்றன. 95 மைல் பந்து பிளேட்டை அடைய ஏறக்குறைய 0.4 வினாடிதான் ஆகிறது. மட்டையைச் சுழற்றும் நேரத்தைக் கழித்தால் முடிவெடுக்க மிகக் கொஞ்சமே மிஞ்சும். எவ்வளவு பெரிய உடற்பலமும் இந்தக் கணக்குக்கு உதவாது.

ஜட்ஜைப் பற்றி ஸ்கவுட்டுகளுக்கு இருந்த ஐயமும் இதுதான். உயரம் 6 அடி 7 அங்குலம். உயரம் கூடினால், பந்து வீசுபவரான பிட்சர் குறிவைக்கும் பரப்பு கூடும். நீளமான கை மட்டையைச் சுற்றிக் கொண்டுவர நேரம் எடுக்கும். அந்த ஐயம் வீண் அல்ல. 2016-இல் முதன்முதலாக மேஜர் லீகில் ஆடியபோது 84 முறை மட்டை பிடித்து 42 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். சரிபாதி. சராசரி .179. அடுத்த ஆண்டு 52 ஹோம் ரன். இடைப்பட்ட மாதங்களில் தன் வீச்சை அவர் திருத்திக்கொண்டார். தவறைக் கண்டு மாற்றிக்கொள்ளும் இந்தக் குணத்தை அளக்க 20-80 அளவுகோலில் இடமில்லை. என் கருத்தில் மதிப்பீட்டிலேயே மிகக் கடினமான பகுதி இதுதான். மிக அதிகமாகப் பலன் தருவதும் இதுதான்.

இப்போது பஸானாவுக்குத் திரும்பலாம். 2024 பருவத்தில் அவர் பெற்ற வாக் 76, ஸ்ட்ரைக் அவுட் 37. இலவசமாகப் பேஸ் பெற்ற முறைகள் ஏமாந்து வெளியேறிய முறைகளைப் போல இரண்டு மடங்கு. மர மட்டைக்கு மாறினாலும், பந்து வேகமானாலும், பந்தைப் பிரித்தறியும் கண் கூடவே வரும் என்ற நம்பிக்கைக்குத்தான் கிளீவ்லேண்ட் முதலிடம் கொடுத்தது.

தடுப்பாட்ட இடமும் கணக்கில் சேரும். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்), கேட்சர் (ஹிட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்), சென்டர் ஃபீல்டு (மைதானத்தின் வெளிப்பகுதியில் நடுவிடம்) ஆகிய மூன்றும் கடினமான இடங்கள். அங்கே நிற்கத் தெரிந்தவர் சுமாராக அடித்தாலே போதும். முதல் பேஸில் நிற்பவர் பிரமாதமாக அடித்தே ஆக வேண்டும். கடினமான இடத்திலிருந்து எளிய இடத்துக்கு மாறுவது வழக்கம், ஏறுவது அரிது. புளோரிடா ஸ்டேட்டில் ஷார்ட்ஸ்டாப்பாகச் சேர்ந்த பஸ்டர் போசியைப் பயிற்சியாளர்கள் கேட்சராக்கினார்கள். 2008-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரை ஐந்தாவதாக எடுத்தது. 2012-இல் அவர் மேஜர் லீகின் மற்றொரு பிரிவான நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர்.

பிட்சர்: கையும் காயமும்

பிட்சரிடம் பார்ப்பவை வேறு. வேகம், பந்தின் அசைவு, வேகப் பந்தோடு துணைக்கு இருக்கும் இரண்டு மூன்று வகைப் பந்துகள், நினைத்த இடத்தில் போடும் கட்டுப்பாடு. கல்லூரியில் இரண்டு வகைப் பந்தோடு ஒருவர் கோலோச்சலாம். தொழில்முறையில் ஒரே ஆட்டத்தில் அதே ஹிட்டரை மூன்றாவது முறை சந்திக்கும்போது அந்த இரண்டும் பழகிப்போய்விடும். மூன்றாவது நல்ல பந்து இல்லாதவரை ஆட்டத்தின் இடையில் ஓரிரு இன்னிங்ஸ் வீசும் மாற்றுப் பிட்சர் என்று கணித்துவிடுவார்கள். மதிப்பு பாதியாகிவிடும்.

எல்லாம் பொருந்தி வந்தால் எப்படி இருக்கும் என்பதற்குப் பால் ஸ்கீன்ஸ் உதாரணம். விமானப்படை அகாதமியில் கேட்சராகவும் பிட்சராகவும் ஆடியவர் எல்.எஸ்.யு.-வுக்கு மாறிப் பந்து வீசுவதில் மட்டும் கவனம் வைத்தார். 2023-இல் 209 ஸ்ட்ரைக் அவுட். பந்து 100 மைலைத் தொட்டது. பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அவரை முதலாவதாக எடுத்தது. அவருடைய அணித்தோழர் டிலன் குரூஸ் இரண்டாவது. அடுத்த மே மாதமே ஸ்கீன்ஸ் மேஜர் லீகில் இருந்தார். 2024-இல் நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம், 2025-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது.

ஆனால் பிட்சரை எடுப்பதில் ஒரு நிரந்தர அச்சம் உண்டு. முழங்கையின் உட்புறத் தசைநார் மனித உடலில் இந்த வேகத்துக்காக அமைந்ததல்ல. அது கிழிந்தால், உடலின் வேறொரு பகுதியிலிருந்து தசைநாண் எடுத்துப் பொருத்துகிறார்கள். 1974-இல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலாகச் செய்ததால் டாமி ஜானின் பெயரே சிகிச்சைக்கு நிலைத்துவிட்டது. மீண்டுவர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

சான் டியேகோ ஸ்டேட்டின் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2009-இல் முதலாவதாக எடுக்கப்பட்டார். ஒப்பந்தம் 1 கோடியே 51 லட்சம் டாலர். 2010 ஜூன் 8-ஆம் தேதி முதல் ஆட்டத்தில் 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். செப்டம்பரில் அறுவை சிகிச்சை. 2019-இல் மேஜர் லீகின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் சிறந்த வீரர் ஆனார். அதன் பிறகு எட்டே ஆட்டங்களில்தான் அவரால் பந்து வீச முடிந்தது. இந்த மதிப்பீடு சரியா தவறா? திறமையைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. உடல் எத்தனை காலம் தாங்கும் என்பதை மட்டும் எவராலும் சொல்ல முடியவில்லை.

கல்லூரி அட்டவணை இந்த அச்சத்தைக் கூட்டுகிறது. அங்கே முதன்மைப் பிட்சர் வாரம் ஒருமுறை வீசுவார், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவு. தொழில்முறையில் ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒருமுறை, அதுவும் 162 ஆட்டங்கள் கொண்ட பருவம். சில கல்லூரிப் பயிற்சியாளர்கள் தொடரின் இறுதிக் கட்டத்தில் ஒரே பிட்சரை 120 பந்துகளுக்கு மேல் வீசவைப்பதும் உண்டு. கோப்பை கல்லூரிக்குப் போகிறது. கை அந்த மாணவனுடையது.

கண் தவறும் இடங்கள்

ஸ்கவுட்டின் கண் உடலமைப்பில் எளிதில் சிக்கிக்கொள்ளும். அரிசோனா ஸ்டேட்டின் டஸ்டின் பெட்ரோயா 5 அடி 9 அங்குலம். 2004-இல் 65-வது இடம் வரை காத்திருந்தார். 2008-இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர். ஜேக்கப் டிகிராம் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர். மூன்றாம் ஆண்டில்தான் பந்து வீசவே தொடங்கினார். 2010-இல் ஒன்பதாம் சுற்றில் நியூயார்க் மெட்ஸ் எடுத்தது. சை யங் விருது இரண்டு முறை அவரிடம் வந்தது. டெக்சாஸ் ஸ்டேட்டின் பால் கோல்ட்ஷ்மிட் எட்டாம் சுற்று. 2022-இல் நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர்.

டிகிராமின் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் கை புதியது. மற்றவர்கள் பள்ளிப் பருவம் முதல் வீசிக் களைத்தபோது, அவர் வீசக் கற்றுக்கொண்டிருந்தார். இன்றைய நிலையை மட்டும் பார்த்தவர்களுக்கு அனுபவமின்மை தெரிந்தது. எவ்வளவு வேகமாகக் கற்கிறார் என்று பார்த்தவர்களுக்கு ஒன்பதாம் சுற்றிலேயே ஒரு புதையல் கிடைத்தது.

இடத்துக்கும் பணத்துக்கும் உள்ள உறவு

முதலிடம் பெற்றவர் மூன்றாமவரைவிடக் குறைவாக வாங்கியது ஏன்? ஒவ்வொரு தேர்வு இடத்துக்கும் லீக் ஒரு பரிந்துரைத் தொகை வைத்திருக்கிறது. முதல் பத்துச் சுற்றுகளின் தொகைகளைக் கூட்டினால் அந்த அணியின் மொத்தச் செலவு வரம்பு கிடைக்கும். வரம்பை 5 சதவீதத்துக்கு மேல் மீறினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பே பறிபோகும். 2024-இல் முதல் இடத்தின் பரிந்துரைத் தொகை 1 கோடியே 5 லட்சம் டாலரைத் தாண்டியது. பஸானா 89.5 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டதால் மிஞ்சிய பணம் பின்சுற்றுகளில் வேறு வீரர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க உதவியது.

இதிலிருந்து பெற்றோரும் மாணவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு.

1. சுற்று எண் திறமையின் தூய அளவு அல்ல. ஆறு முதல் பத்தாம் சுற்றுகளில் எடுக்கப்படும் நான்காம் ஆண்டு மாணவர்கள் பலர் சில ஆயிரம் டாலருக்கே கையெழுத்திடுகிறார்கள். அவர்களால் மிச்சமாகும் தொகைக்காகவே அந்த இடத்தில் எடுக்கப்படுபவர்களும் உண்டு.

2. பேரம் பேசும் பலம் மூன்றாம் ஆண்டில்தான் உச்சம். தொகை பிடிக்கவில்லை என்றால் மாணவர் கல்லூரிக்குத் திரும்பலாம். நான்காம் ஆண்டு முடித்தவருக்குப் பொதுவாகத் திரும்ப இடமில்லை. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்திருப்பதால், திரும்பிப் போவது முன்பைவிடத் தாங்கக்கூடிய முடிவாகியிருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டின் மார்க் அப்பெல் இந்தப் பாதையில் போனவர். 2012-இல் எட்டாவதாக எடுத்த பைரட்ஸ் 38 லட்சம் டாலர் தர முன்வந்தது. மறுத்துவிட்டு நான்காம் ஆண்டு படிக்கத் திரும்பினார். 2013-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அவரை முதலாவதாக எடுத்து 63.5 லட்சம் கொடுத்தது. அடுத்த இடத்தில் கிரிஸ் பிரையன்ட் போனார். மூன்று ஆண்டுகளில் அவர் நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர். அதே பட்டியலில் 26-வது இடத்தில் யாங்கீஸ் எடுத்த கல்லூரி வீரர் மேஜர் லீகை எட்டவேயில்லை. அதே யாங்கீஸ் ஆறு இடங்கள் தள்ளி ஜட்ஜை எடுத்தது. அப்பெல் மைனர் லீகில் காயங்களோடு போராடி, 2018-இல் ஆட்டத்தை விட்டு விலகி, 2021-இல் திரும்பி வந்தார். 2022 ஜூன் 29 அன்று, 30 வயதில், பிலடெல்பியா ஃபில்லீஸ் சீருடையில் மேஜர் லீகில் முதன்முதலாகப் பந்து வீசினார். ஒரு இன்னிங்ஸ். எதிரணிக்கு ரன் எதுவும் இல்லை.